கோலமாவில் வரைந்த கார்

கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்த அன்று நான்தான் ஓட்டி வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் தெருவில் சிலர் என் வீட்டுக்காரர் ஓட்டி வந்ததாகத்தான் சொல்கிறார்கள். அவர் பக்கத்து சீட்டில், மடியில் மாலையையும் எலுமிச்சம்பழங்களையும் வைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை இரண்டு கால்களாலும் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

என் அப்பா பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். அம்மா நடவுக்குப் போனவள். எங்கள் குடும்பத்துக்கு முதலில் வந்த வண்டி அப்பாவின் சைக்கிள், அதற்குப் பிறகு என் ஸ்கூட்டி. நான் புதுச்சேரி டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குக் காலையில் நேரில் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். மழை நாளில் ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போவது கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஆசை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டைத் தேடிப் போய் உட்காருகிறவள் நான்.

எங்கள் வீடு ஒதியம்பட்டில். ஒருகாலத்தில் நெல் வயலாக இருந்து மனையாகிப்போன இடம். தெரு குறுகல். இரண்டு பக்கமும் சிமெண்டு வாய்க்கால், அதைத் தாண்டினால் வீடுகள். கார் வருவது உறுதியானதும் நாங்கள் வாசலைத் தயார் செய்தோம். நடுவில் இருந்த சின்ன கேட்டை எடுத்துவிட்டு, ஒரு தூணை இடித்து, இரட்டைக் கதவு வைத்த அகலமான கேட் போட்டோம். வாய்க்காலின் மேல் கான்கிரீட்டில் ஒரு ரேம்ப். கொத்தனார் எதிர்வீட்டைப் பார்த்து, "அதே மாதிரி போட்டுடலாம்மா" என்றார். தெருவில் எல்லோரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள், வாய்க்காலைத் தாண்டி ரோட்டின் மேல் நன்றாக நீட்டி. நாங்களும் நீட்டினோம். என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், ரேம்ப்பின் மேல் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றுவார்.

இவ்வளவு செய்தும், கார் வந்த அன்று அது உள்ளே போகவில்லை.

தெருவே கூடிவிட்டது. நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். முன் சக்கரம் எங்கள் ரேம்ப்பின் ஓரத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் தூணில் இடிக்கும். பின்னால் வந்தால் எதிர்வீட்டு ரேம்ப். எங்களுடையதைவிடப் பெரியது அது, ரோட்டில் பாதி வரை வந்து உட்கார்ந்திருந்தது.

"ஒடி… ஒடி… ஃபுல்லா ஒடிம்மா!"

"ஸ்டெடி பண்ணு, ஸ்டெடி!"

"ரிவர்ஸ் வா, வா, வா… நில்லு!"

ஆளாளுக்குக் காரைத் தட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து குனிந்து கத்தினாள். "எம்மா, பின்னாடி எங்க வூட்டு ரேம்ப்புடி! அப்படியே ஏறிக்கினு என் வூட்டுக்குள்ள வந்துடாத!"

அக்காவின் வீட்டுக்காரர் குட்டியானை வைத்திருக்கிறார். பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி. விடியற்காலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போவார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எறங்கும்மா தங்கச்சி. இது இன்னா, பொம்ம மாதிரி வண்டி. ஒரே ஒடில உள்ள வுடறேன் பாரு."

இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒரே ஒடியில் போகவில்லை. முன்னும் பின்னுமாகப் பல தடவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் கார் தெருவின் குறுக்கே, இரண்டு ரேம்ப்புக்கும் நடுவில், அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் போகாமல் மாட்டிக்கொண்டது. அண்ணன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஏம்பா, ஆருனா தூக்கி வைங்கப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவேண்டிய நேரம், நானும்தான் சிரித்தேன். பையன்கள் நாலைந்து பேர் பின்பக்கத்தை நிஜமாகவே தூக்கித் திருப்பினார்கள்.

அன்றிலிருந்து கார் தெருமுனையில், பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நின்றது. அகலமான கேட், புது ரேம்ப், வெறும் வாசல். காலையில் கேட்டைத் திறந்து, நடந்து போய்த்தான் கார் எடுப்பேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் சொன்னார், "ஸ்கூட்டிக்கு நல்ல சௌகரியமா இருக்குது."

அந்த வாரத்துக்குள்ளேயே எங்கள் ஊராட்சியான கொம்யூன் பஞ்சாயத்தின் ஒலிபெருக்கி ஆட்டோ வந்தது. வாய்க்காலை அடைத்தும் சாலையை ஆக்கிரமித்தும் கட்டப்பட்டுள்ள சாய்தளங்களை வீட்டு உரிமையாளர்கள் தாங்களே அகற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் பொக்லைன் வைத்து அகற்றப்படும். ஆட்டோ தெருவில் இதைச் சொல்லிக்கொண்டே போனது. வண்டியைத் திருப்ப இடம் இல்லாததால் சொல்லிக்கொண்டே பின்னாலும் வந்தது.

தெரு பற்றிக்கொண்டது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்கள். "இடிச்சிடுவாங்களா? இடிக்கச் சொல்லு பாப்போம்!" "எலக்சனப்ப வந்தாங்களே, அப்ப தெரியலயா ரேம்ப்பு?" தெருக்கடைசி வீட்டுக்காரர்கள் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேரவில்லை. போன மழைக்கு வாய்க்கால் அடைத்துக்கொண்டு அவர்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. எங்கே அடைத்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாய்க்கால் முழுவதும் ஒவ்வொருவர் ரேம்ப்புக்கு அடியிலும் மூடிக் கிடந்தது, திறந்து பார்க்க வழியில்லை.

அண்ணன்தான் ரொம்பக் கொதித்தார். மறுநாள் நாலைந்து பேரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வில்லியனூரில் இருக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கிளம்பினார். நான் லீவு சொல்லிவிட்டுக் காரில் பின்னாலேயே போனேன். எனக்குக் கோபம் கொஞ்சம், ஆனால் பரபரப்பு அதிகம். வேலைக்கு இல்லாமல் வேறு காரியத்துக்குக் காரில் நான் போன முதல் பயணம் அதுதான். முன்னால் குட்டியானையில் நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொரு வளைவிலும் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்துக் கை காட்டினார்கள்.

அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தது இளநிலைப் பொறியாளர். என்னைவிட வயது குறைந்த பெண். எங்கேயோ வேலை நடக்கும் இடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். செருப்பெல்லாம் சேறு, ஹெல்மெட்டைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், அது நானே கலவ போட்டு என் கையால கட்டின ரேம்ப்பு. என் வூட்டு வாசல்ல கட்டினது. அதப் போய் இடிப்பேன்றீங்களே, நாயமா?"

"வாசல் உங்களுதுதான் அண்ணே. அத ஆரும் கேக்கல. வாய்க்காலும் ரோடும்தான் உங்களுது இல்ல. உக்காருங்க, சொல்றேன்."

நாற்காலி போதவில்லை. நின்றபடியே கேட்டோம். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கேட்டை எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது உள்பக்கம்தான் திறக்க வேண்டும். வாய்க்காலின் மேல் மூடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் தூக்கி எடுத்துத் தூர் வாருகிற மாதிரி இருக்க வேண்டும். அதைத் தாண்டி ரோட்டில் ஒரு சாண்கூட நீட்டக் கூடாது. வீட்டுக்கு முன்னால் விட்டிருக்கும் காலி இடத்தில் கார் நிறுத்திக்கொள்ளலாம். கூரை போட்டு, சுவர் வைத்து அறையாக்கிவிடக் கூடாது. தரை முழுவதையும் சிமெண்டால் மூடிவிடவும் கூடாது, மழைத்தண்ணீர் இறங்க மண் வேண்டும்.

நான் கேட்டேன். "மேடம், வூடு மேட்டுல இருக்குது, ரோடு பள்ளத்துல இருக்குது. ரேம்ப்பு இல்லாம கார் எப்படி ஏறும்?"

"ரேம்ப்பு வேணாம்னு நான் சொல்லலயே. சரிவ உங்க எடத்துக்குள்ள எடுங்கன்றேன். கேட்ட கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க."

"உள்ள தள்ளினா கார் நிக்க எடம் பத்தாதே?"

"அது நீங்க வரைஞ்சி பாக்கணும்" என்றாள். பிறகு சிரித்து, "நாளைக்கு சாயங்காலம் நானே வரேன், கோடு போட்டுக் குடுக்கறேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். இரண்டு பேர் டேப் பிடிக்க, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவப்பு பெயிண்டில் கோடு விழுந்தது. ஒவ்வொரு வாசலிலும் கோடு வரும்போது அந்த வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ரேம்ப்பில் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியே. அண்ணனுடையதில் பெரும்பகுதி வெளியே. அவர் கோட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். டிவி சத்தம் பெரிதாகக் கேட்டது.

என் வீட்டுக்காரர் எங்கள் ரேம்ப்பின் மேல் குந்தி, கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இப்பதான் நல்லா இறுகியிருக்குது" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காலை என் வாழ்க்கையின் மறக்க முடியாத காலைகளில் ஒன்று. விடிந்ததிலிருந்து டேப்பை வைத்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். காரின் நீளம், அகலம், வாசலின் ஆழம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கட்டம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. எதிர்வாசலில் அக்கா கோலம் போட வந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, தரையப் பாத்து பேசிக்கினு இருக்க?"

"கார் எப்படித் திரும்பும்னு பாக்கறேன்க்கா. பேப்பர்ல தெரிய மாட்டேங்குது."

"கட்டம் கட்டமா போட்டா இன்னா தெரியும்? அம்மாம் பெரிய வண்டிய இத்தினூண்டு பேப்பர்லயா பாப்பாங்க? தரையிலயே போட்டுப் பாத்துடலாம், வா."

சொன்னவள் கோலமாவுக் கிண்ணத்தோடு தெருவில் இறங்கிவிட்டாள். நான் டேப் பிடிக்க, அவள் வரைந்தாள். எங்கள் கேட்டுக்கு நேராக, அசல் அளவில் ஒரு கார். நாலு சக்கரம், முன்கண்ணாடி, இரண்டு பக்கக் கண்ணாடிகள், எல்லாம் வந்தது. நம்பர் பிளேட்டுக்குக்கூட ஒரு கட்டம் போட்டாள். பால் வாங்க வந்தவர்கள் நின்றார்கள்.

"நேரா நிக்கிறது தெரியுது. திரும்பறது எப்படித் தெரியும்?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோயில் பக்கம் ஓடினேன். அக்கா கிண்ணத்தோடு பின்னால் ஓடி வந்தாள். காலி இடத்தில் காரைக் கிளப்பி, ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துப் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் சுற்றினேன். அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெளிப்பக்க முன் சக்கரத்தோடு கூடவே நடந்து, அதன் தடத்தின் மேல் மாவை இழுத்துக்கொண்டே வந்தாள். "மெதுவா போடி! கோடு அறுந்துடுச்சி!" நான் நிறுத்துவேன். "ம், போ!" போவேன். சுற்றி முடித்து இறங்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மண்ணின் மேல் அழகான வட்டம். இதற்குக் குறைவாக இந்தக் கார் திரும்பாது, இதைவிட அதிகம் கேட்கவும் கேட்காது.

வட்டத்தின் நடுவில் ஒரு குச்சி ஊன்றி, துணிக்கொடிக் கயிற்றால் அளவெடுத்தோம். அந்தக் கயிற்றைத் தெருவுக்கு எடுத்து வந்தோம். இப்போது எனக்கும் அக்காவுக்கும் நடுவில் பேச்சே இல்லை, கையும் காலும்தான். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மறுமுனையில் மாவைப் போட்டுக்கொண்டே வளைந்து போனாள். வளைவு எங்கள் கேட்டுத் தூணில் போய் இடித்தது. நான் ஓர் எட்டு தள்ளி நின்றேன். அழித்து மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை எதிர்வீட்டு ரேம்ப்பின் மூலையில் ஏறியது. இன்னும் தள்ளினேன். மறுபடியும் போட்டாள். என் வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தப்பான கோடுகளை அழிக்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார்.

அழித்து அழித்துப் போட்டதில் பிடிபட்டது. கேட் நடுவில் இருப்பதுதான் கோளாறு. வாசலின் ஆழம் குறைவுதான், ஆனால் அகலம் நிறைய இருக்கிறது. கேட்டை மதிலின் மூலைக்கு மாற்றி, உள்ளேயும் தள்ளி வைத்தால், கார் சாய்வாக நுழைந்து வீட்டை ஒட்டிக் கோணலாக நின்றுவிடும். சரிவு முழுக்க எங்கள் இடத்துக்குள்ளேயே வந்துவிடும். மூலையில் இருக்கிற துவைக்கிற கல்லையும் குழாயையும் மட்டும் கொல்லைப்பக்கம் கொண்டுபோக வேண்டும். அக்கா எங்கள் வாசலுக்குள்ளேயே வந்து, காரைக் கோணலாக வரைந்து, அதன் பக்கத்தில் கதவு திறக்கிற அளவுக்கு இடம் இருக்கிறதா என்று தானே பக்கவாட்டில் நடந்து பார்த்தாள். "நானே போயிட்டேன்னா ஊரே போவும்" என்றாள். அவள் கொஞ்சம் குண்டு.

ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. எப்படிப் போட்டாலும் வளைவு எதிர்வீட்டு ரேம்ப்பில், சிவப்புக் கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத் தொட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அதை இடிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. மார்க்கெட்டிலிருந்து அண்ணன் காலி வண்டியோடு வந்துகொண்டிருந்தார். தெரு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், வளைவுகள், ஒரு முழுக் கார். அக்கா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள்.

"நிறுத்து! நிறுத்து! அழிச்சிடாத!"

அண்ணன் இறங்கி வந்தார். "இன்னாமே இது, தேர்த் திருவிழாவா?"

"எறங்கி வந்து பாரு. இது தங்கச்சி கார். இது அவ கேட்டு. இப்படித் திரும்பி இப்படிப் போவுது. இங்க வந்து நம்ப ரேம்ப்புல முட்டிக்கினு நிக்குது."

அவர் முகம் இறுகியது. "அதுக்காக நான் என் ரேம்ப்ப உடைக்கணுமா? நீ ஆரு பக்கம்?"

"நான் ஆரு பக்கமும் இல்ல. சும்மா நில்லு. உன் வண்டிய வரையறேன்."

அக்கா விடவில்லை. அவரை மறுபடியும் குட்டியானையில் ஏற்றி, கோயில் பக்கத்துக் காலி இடத்துக்கு அனுப்பி, அங்கே சுற்ற வைத்து, கூடவே நடந்து மாவு போட்டாள். முணுமுணுத்துக்கொண்டேதான் சுற்றினார். ஆனால் ஒரு கட்டத்தில் அவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தன் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கயிறு அளந்து, தெருவில் வளைவு போட்டோம். இப்போது அவர் வீட்டின் முன்னால். தினமும் விடியற்காலையில் அவர் முன்னும் பின்னும் போய்த் திருப்புகிற சத்தத்தில்தான் நாங்கள் கண் விழிப்போம். அதற்கான காரணம் தரையில் தெரிந்தது. அவர் வளைவும் அவருடைய ரேம்ப்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அவர் ரேம்ப்பைக் கோடு வரை எடுத்து, கேட்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளியதாக வைத்துப் போட்டதில் இரண்டு வீட்டு வளைவுகளும் தெருவின் நடுவில் ஒன்றையொன்று தொடாமல் போயின.

அண்ணன் கைலியை இறக்கிவிட்டு, மாவுக் கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து நடந்து பார்த்தார். தெருமுனையிலிருந்து அவர் வாசல் வரைக்கும், எங்கேயும் நிற்காமல் நடந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து திரும்பி எங்களைப் பார்த்தார்.

"ஒரே ஒடியா?"

"ஒரே ஒடி" என்றேன்.

பிறகு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, கடப்பார உன்கிட்ட இருக்குதா, நான் எடுத்தாரட்டுமா?" என்று கேட்டார். அக்கா கிண்ணத்தில் மிச்சமிருந்த மாவை அப்படியே அவர் தலையில் கொட்டினாள்.

எங்கள் ரேம்ப்பை இடிக்க ஆள் வைக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் தண்ணி ஊத்தி வளத்தது. நானே உடைக்கறேன்" என்றார். முதல் அடி அவர் போட்டார். கான்கிரீட் அசையவில்லை, அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் முழுவதும் இரண்டு வீட்டிலும் இடிக்கிற சத்தமும் கட்டுகிற சத்தமும்தான். அண்ணனின் ரேம்ப்புக்கு அடியில் வாய்க்கால் முழுவதும் அடைபட்டிருந்தது: பிளாஸ்டிக் பைகள், ஒரு சாக்கு, யாருடைய செருப்போ ஒன்று, மேலே கல் மாதிரி இறுகிய சேறு. தெருக்கடைசி வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து அதைப் பார்த்தார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானும் இறங்கிவிட்டார்.

வாய்க்காலின் மேல், தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புக் கம்பி மூடி வைத்தோம். கேட் மூலைக்குப் போனது, மதிலிலிருந்து உள்ளே தள்ளி நின்றது. சக்கரம் போகிற இரண்டு பட்டைகளுக்கு மட்டும் சிமெண்டு, மற்ற இடமெல்லாம் மண். எங்களைப் பார்த்து அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் ஆரம்பித்தார்கள். கடைசி வரை அசையாத சில வாசல்களில் பொக்லைன் வந்து சிவப்புக் கோடு வரை தட்டிவிட்டுப் போனது. அதில் கொஞ்சம் சண்டையும் நடந்தது, மறைக்கவில்லை.

கார் உள்ளே போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். இந்தத் தடவை யாரும் "ஒடி" என்று கத்தவில்லை. எல்லோரும் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். மாவுக் கோடுகள் எப்போதோ அழிந்துபோயிருந்தன, ஆனால் எங்கே ஒடிக்க வேண்டும் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒடித்தேன். காரின் மூக்கு மூலைக்குத் திரும்பியது, கம்பி மூடி கடகடவென்றது, சரிவில் ஏறியது, தூண் பக்கத்தில் வந்து பின்னால் போனது, வீட்டுச் சுவர் முன்னால் வந்தது. பிரேக் போட்டேன். இஞ்சினை நிறுத்தினேன். அப்புறம் வெளியே கைதட்டலும் விசிலும்! தெருக்கடைசி வரை கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க மறந்துபோய்க் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை வந்தது, இரண்டு நாள் விடாமல். தெருவில் எல்லோரும் குடையோடு வாசலில் நின்று வாய்க்காலைத்தான் பார்த்தோம். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஓர் இடத்தில் தேங்கியபோது அண்ணன் நனைந்துகொண்டே போய்க் கம்பி மூடியைத் தூக்கி, சிக்கியிருந்த ஒரு தென்னை மட்டையை இழுத்துப்போட்டார். தெருக்கடைசி வீடுகளில் அந்த மழைக்கு யாரும் கட்டிலின் மேல் ஏறி உட்காரவில்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள் காலையில் நான் காரை எடுக்கப் போகும்போது அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏன்டி, இந்த ஸ்டேரிங்கு… ரொம்ப இறுக்கமா இருக்குமா?"

"இல்லக்கா. லேசாத்தான் இருக்கும்."

"அன்னிக்கு நீ சுத்தினப்ப கூடவே நடந்தேன்ல. சக்கரம் எப்படித் திரும்புதுன்னு எனக்குத் தெரியும். உள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னுதான் தெரியல."

"ஏறுங்க" என்றேன்.

"இப்பவா? அய்யய்ய, அடுப்புல குழம்பு இருக்குது."

"அணைச்சிட்டு வாங்க."

அணைத்துவிட்டு வந்தாள். புடவையை மாற்றிக்கொண்டும் வந்தாள். சங்கராபரணி ஆற்றுப்பக்கம் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில் காரை நிறுத்தி, இடம் மாறி உட்கார்ந்தோம். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் காலால் தொட்டு, பேர் சொல்லி, தலையாட்டினாள். கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடியும் கிளப்பினாள். மறுபடியும் அணைந்தது. அடுத்த முயற்சியில் கார் முனகிக்கொண்டே நகர்ந்தது. அக்கா ஸ்டியரிங்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "போவுதுடி! போவுதுடி!" என்று கத்தினாள்.

எதிரில் ஒருவர் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளையும் கட்டையும் கரும்புக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போய் நின்றுவிட்டார்.

"பெல் எங்கடி இருக்குது இதுல?" என்றாள் அக்கா.

"நடுவுல அழுத்துங்கக்கா."

அழுத்தினாள். அவரைக் கடந்து போன பிறகும் கையை எடுக்கவில்லை.